பிள்ளைக்குப் பிழையில்லாமல் எழுதப் பழக்குவது: வீட்டில் தொடங்குபவர்களுக்கு

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ‘மழை’ என்பதை ‘மளை’ என்று எழுதிவிட்டான். பத்துத் தடவை எழுதி வரச் சொல்லி அனுப்பினார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினான். பத்து வரியிலும் ‘மளை’. தப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. சரியான சொல்லை யாரும் பக்கத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் காதில் விழுந்தது அதுதான், வாயில் வந்ததும் அதுதான். திருநெல்வேலியில் எங்கள் வளவில், அதாவது ஒரே வாசலுக்குள் அடுத்தடுத்து இருக்கும் வீடுகளில், ஆச்சியிலிருந்து பால்காரர் வரைக்கும் எல்லோரும் ‘மளை’ என்றுதானே சொல்கிறோம்.

பிள்ளை அசட்டையாக எழுதுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு என் பிள்ளைகளையும் வளவுப் பிள்ளைகள் சிலரையும் சாயங்காலம் தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) உட்கார வைத்துப் பழக்கிவருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று நினைப்பதை இங்கே எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்வது இது.

முதல் வாரம்: திருத்தாதீர்கள், சேருங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு, பிள்ளைக்குக் காட்ட வேண்டாம். பிள்ளையின் பள்ளி நோட்டுகளைப் புரட்டி, தப்பாக எழுதிய சொற்களை ஒரு வாரம் இதில் குறித்து வாருங்கள். அப்புறம் அவற்றை நான்கு கூறாகப் பிரியுங்கள். ‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதுவது குறில் நெடில் தப்பு. ‘பள்ளி’ என்பதைப் ‘பளி’ என்று எழுதுவது ஒற்று விட்ட தப்பு. ‘விளக்கு’ என்பதை ‘வெளக்கு’ என்று எழுதுவது வீட்டுப் பேச்சு. நான்காவது, ல ள ழ, ர ற, ந ன ண மாறிப்போவது.

எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத் தப்பும் வராது. பெரும்பாலும் ஏதாவது இரண்டு கூறுதான் கனமாக இருக்கும். அந்த இரண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பில் குறில் நெடிலும் ஒற்றும்தான் அதிகம் வரும். அரசுப் பள்ளிப் பிள்ளையென்றால், அடிப்படை எழுத்தும் கணக்கும் பழக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அரும்பா, மொட்டா, மலரா, எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று பிடிபடும்.

பென்சிலுக்கு முன்னால் காது

குறில் நெடில் தடுமாறும் பிள்ளைக்கு எழுதப் பழக்குவதற்கு முன்னால் கேட்கப் பழக்க வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்று நாம் படித்ததைப் பிள்ளை கையால் அறியட்டும். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிய கையை எடுக்காமல் இழுத்துவிட வேண்டும். கல், கால். முடி, மூடி. எடு, ஏடு. கொடு, கோடு. நீங்கள் சொல்ல, பிள்ளை தட்டட்டும். பிறகு பிள்ளை சொல்லட்டும், நீங்கள் வேண்டுமென்றே தப்பாகத் தட்டுங்கள். அதைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒற்றுக்கும் இதே வழிதான். ‘பள்’ என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, ‘ளி’ என்று சொல்லச் சொல்லுங்கள். நாக்கு ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது பிள்ளைக்கே தெரியும். நிற்கிற இடத்தில் புள்ளி வைத்த எழுத்து உண்டு என்று சொன்னால் போதும். அக்கா, பாட்டி, தொப்பி, நெல்லை என்று நாலைந்து சொல் நிறுத்திச் சொன்ன பிறகு எழுதக் கொடுங்கள்.

கொம்பு எழுத்துகளில் பெரியவர்கள் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் கேட்பது க், பிறகுதான் எ. எழுதும்போதோ கொம்பு முதலில் வருகிறது. ‘கொ’ இன்னும் மோசம்: முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒத்துப்போகாததால் சின்னப் பிள்ளை தடுமாறுவது இயல்பு. இந்த எழுத்துகளைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுக்காமல், முழு எழுத்தை ஒரே உருவமாக அட்டையில் எழுதிக் காட்டுங்கள். மணலிலோ தட்டில் பரப்பிய அரிசியிலோ விரலால் எழுதவிடுங்கள். ஏடு தொடங்கும் அன்றைக்கு மட்டும்தான் அரிசியில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஓலைச்சுவடிக் காலத்தில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற பிரிவே கிடையாது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறில் என்று காட்டப் புள்ளி வைக்க வேண்டும், ஏட்டில் அதையும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். நெடிலுக்கு இரட்டைக்கொம்பு கொடுத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்து, கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் இருந்து தொண்டு செய்தவர் அவர். இதைக் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் இரட்டைக்கொம்பை மறப்பதில்லை.

வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ எழுதிக் காட்டுகிறார்களென்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்று நாம் எழுதும் லை, னை, றா, ணா போன்ற வடிவங்களை அரசு ஏற்றது 1978-இல். அதற்கு முன்னால் படித்தவர்கள் ‘லை’ எழுதும்போது மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போடுவார்கள். பிள்ளை குழம்பினால், “ஆச்சி படிச்ச காலத்துல இப்படித்தான் எழுதினாங்க, நீ படிக்கிறது புது எழுத்து” என்று சொல்லுங்கள். ஆச்சி எழுதியது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுச் சொல், ஏட்டுச் சொல்

திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியது இந்தப் பகுதிதான் என்பது என் அனுபவம். ‘நீ பேசுறதே தப்பு’ என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். நம் பேச்சில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால், கேட்கிற சொல்லிலிருந்து எழுதுகிற சொல்லுக்குப் போகும் வழி தெரிந்துவிடும்.

அடுக்களையில் தொடங்குங்கள். நாம் சொல்வது தொவையல், வெறகு, ஒலக்கை, கொளம்பு. எழுதுவது துவையல், விறகு, உலக்கை, குழம்பு. உற்றுப் பாருங்கள். அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ முடிந்தால், முன்னால் இருக்கும் உ பேச்சில் ஒ ஆகிறது, இ எ ஆகிறது. குடை கொடை ஆவதும் இடம் எடம் ஆவதும் இப்படித்தான். ‘குருவி’யில் அடுத்து வருவது ரு. அதனால் அது கொருவி ஆகாமல் குருவியாகவே இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைக்கு இதைச் சொன்னால் நன்றாகவே புரியும். சின்னவர்களுக்கு விளக்கம் வேண்டாம், விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டுச் சொல் சொல்வேன், நீ ஏட்டுச் சொல் சொல்ல வேண்டும். மாவாட்டும்போதும் தலை பின்னிவிடும்போதும் ஆடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஏட்டிலேயே ஒ, எ உள்ள சொற்களும் உண்டு. ‘கொசு’ கொசுதான், ‘வெயில்’ வெயில்தான். விளையாட்டில் இவற்றையும் நடுவில் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கிவிடும்.

வினைச்சொற்களில் நம் ஊர் அடையாளம் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘சொல்லுதேன்’ என்பதைச் ‘சொல்கிறேன்’ என்றும், ‘படிக்கேன்’ என்பதைப் ‘படிக்கிறேன்’ என்றும், ‘அவிய வந்தாவ’ என்பதை ‘அவர்கள் வந்தார்கள்’ என்றும் எழுத வேண்டும். பிள்ளை கட்டுரையில் ‘எங்க ஆச்சி கதை சொல்லுதாவ’ என்று எழுதியிருந்தால், முதலில் அந்த வரி நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம், “இதையே வானொலியில் செய்தி வாசிக்கிறவர் எப்படிச் சொல்வார்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையே மாற்றிச் சொல்லிவிடும். செய்தி கேட்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இதற்குப் பெரிய துணை.

காத்து, நேத்து, ஆத்துல, கெணத்துல என்பவை இன்னொரு கூட்டம். ஏட்டில் இவை காற்று, நேற்று, ஆற்றில், கிணற்றில். ஆனால் பத்து பத்துதான், முத்து முத்துதான். பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? அடிச்சொல்லைக் கேட்கப் பழக்குங்கள். ஆத்துல என்றால் எது? ஆறு. ஆறு என்பதில் ற இருக்கிறது, அது இரட்டித்து ஆற்றில். சோறு சோற்றில், வயிறு வயிற்றில், கிணறு கிணற்றில். அதேபோல வீடு வீட்டில், நாடு நாட்டில். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை ‘சுவற்றில்’ என்று எழுதாது. அடிச்சொல் ‘சுவர்’, அதில் இருப்பது ர், அதனால் சுவரில். பெரியவர்களே சறுக்குகிற இடம் இது.

ல, ள, ழ

கண்ணாடி முன்னால் நின்று மூன்றையும் சொல்லிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள சொல்லும்போது நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது நுனி இன்னும் உள்ளே வளையும், ஆனால் எங்கும் தொடாது. தொடாமல் நிற்பதுதான் ழகரம். நம் பக்கத்தில் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடுகிறது. அதனால், பேச்சில் வராவிட்டாலும் வாய்விட்டுப் படிக்கும்போது ழகரத்தைச் சரியாகச் சொல்லும் பழக்கம் வேண்டும். புத்தகத்தை நீங்களும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உங்கள் நாக்கும் சேர்ந்து பழகும்.

ஆனால் ஒலி மட்டும் காப்பாற்றாது. பொருளோடு சேர்த்துப் பதிய வைக்க வேண்டும். இலையில் இருப்பது ல, இளையவனில் இருப்பது ள, இழையில் இருப்பது ழ. வால், வாள், வாழ். தலை, தளை, தழை. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் போதும். வாலுக்குக் குரங்குப் படம், வாளுக்குக் கட்டபொம்மன் படம் என்று பிள்ளையே வரைந்து, கீழே எழுதட்டும். ர, ற வித்தியாசத்துக்கும் இப்படியே: கரை ஆற்றங்கரை, கறை சட்டையில் பட்டது, இரை கோழி கொத்துவது, இறை கோயிலில் இருப்பது.

பேருந்து நிலையமே பள்ளிக்கூடம்

எனக்குக் கிடைத்த நல்ல பாடப்புத்தகம் பஸ் பலகைதான். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் தமிழ் எழுத்து இலக்கணம் பாதி கண்முன்னால் ஓடிவிடும்.

நம் ஊர்ப்பெயர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஆறு என்று முடிவதெல்லாம் ற: மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு, சிற்றாறு. குறிச்சியும் ற: கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, முருகன்குறிச்சி. ஊர் என்று முடிந்தால் ர்: வள்ளியூர், தச்சநல்லூர். குளமெல்லாம் ள: ஆலங்குளம், கூடங்குளம், கொக்கிரகுளம். விளையும் ள: திசையன்விளை. பிள்ளை ஒரு பெயரைச் சரியாக எழுதப் பழகினால் அந்தக் கூட்டம் முழுவதையும் எழுதிவிடும்.

ந, ண, ன மூன்றுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மூணுசுழி, ரெண்டுசுழி என்று சொல்லிக்கொடுப்பது உருவத்துக்குச் சரி. எங்கே எது வரும் என்பதற்கு அது உதவாது. எழுத்து வரிசையில் எது எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். டவுக்குப் பக்கத்தில் ண, அது டண்ணகரம். தவுக்குப் பக்கத்தில் ந, அது தந்நகரம். றவுக்குப் பக்கத்தில் ன, அது றன்னகரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிலும் சேர்ந்தே வருவார்கள். கங்கைகொண்டானில் ண்டா, வேய்ந்தான்குளத்தில் ந்தா, மூன்றடைப்பில் ன்ற. மற்ற ஜோடிகளும் பலகையிலேயே உண்டு: நாங்குநேரியில் ங்கு, மாஞ்சோலையில் ஞ்சோ, அம்பாசமுத்திரத்தில் ம்பா. ஆங்கிலச் சொற்களையும் இரண்டு சொல் சேர்ந்த கூட்டுச்சொற்களையும் விட்டுவிட்டால் ண்ட, ந்த, ன்ற ஜோடிகள் மாறவே மாறா. சொல்லின் முதலில் வந்தால் எப்போதும் ந தான் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். நடுவிலும் கடைசியிலும் தனியாக வரும் ண, ன மட்டும்தான் மனப்பாடம்: மனம் நெஞ்சில், மணம் மல்லிகையில்.

வாயில் வரும் பெயரும் பலகையில் இருக்கும் பெயரும் வேறாக இருப்பதையும் பிள்ளை இங்கேதான் பார்க்கும். கண்டக்டர் சேர்மாதேவி என்று கூப்பிடுவார், பலகையில் சேரன்மகாதேவி. நாம் திருநவேலி என்போம், எழுதியிருப்பது திருநெல்வேலி. வீட்டுச் சொல், ஏட்டுச் சொல் விளையாட்டு தெரு முழுக்க நடக்கிறது என்று அதற்குப் புரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் போன வழியில் இருந்த ஐந்து ஊரைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள்.

கடைப் பலகைகளில் தப்பும் இருக்கும். சில இடங்களில் ‘எண்ணை’ என்று எழுதியிருப்பார்கள். எள்ளின் நெய் எண்ணெய், வெண்மையான நெய் வெண்ணெய் என்று பிரித்துக் காட்டினால் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. வெம்மையான நீர் வெந்நீர் என்பதும் அப்படித்தான்.

தினசரி பதினைந்து நிமிடம்

அதற்கு மேல் வேண்டாம். ஐந்து சொல் போதும். அவற்றில் மூன்று பிள்ளை முன்பு தப்புவிட்ட சொல், இரண்டு நன்றாகத் தெரிந்த சொல். தெரிந்ததைச் சேர்ப்பதற்குக் காரணம், எதையாவது சரியாக எழுதிவிட்டோம் என்ற நிறைவு ஒவ்வொரு நாளும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

முதலில் சொல்லைத் தெளிவாக எழுதிக் காட்டுங்கள். பிள்ளை அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லட்டும். எந்த இடத்தில் ஏமாறலாம் என்று அதையே கேளுங்கள். ‘குழம்பு’ என்றால் ழ என்று விரல் வைக்கும். பிறகு சொல்லை மூடிவிடுங்கள். பார்க்காமல் சிலேட்டில் எழுதட்டும். திறந்து பார்த்து, எழுத்துக்கு எழுத்து பிள்ளையே ஒப்பிடட்டும். தப்பு இருந்தால் அந்தச் சொல்லை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும், நடுவில் ஒட்டுப்போடக் கூடாது. சிலேட்டு நல்லது என்று நான் சொல்வது இதற்காகத்தான். தப்பு கண்முன்னால் நிற்காமல் அழிந்துவிடும்.

அதே ஐந்து சொல்லை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கேளுங்கள். மறந்துபோகும் நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் சொல் ஊன்றுகிறது. ஒரே மூச்சில் பத்துத் தடவை எழுதினால் கை எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். சில பிள்ளைகள் முதலில் பத்து வரிக்கும் ‘ம’ மட்டும் எழுதிவிட்டு, அப்புறம் பத்து வரிக்கும் அடுத்த எழுத்தை எழுதுவார்கள். அங்கே சொல் எங்கே இருக்கிறது?

வாரத்தில் ஒரு நாள் சொல்வதை எழுதுதல். தனிச்சொல்லாக இல்லாமல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘ஆற்றில் வெள்ளம் வந்தது’, ‘ஆச்சி வாழைப்பழம் வாங்கினார்’ என்று வீட்டில் நடந்ததையே சொல்லலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையென்றால் ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம்: ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னோர் ஒற்று வராது. முயற்சி, பயிற்சி, காட்சி. ஆனால் ர், ழ் பின்னால் வரலாம்: வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. ‘முயற்ச்சி’ என்று எழுதும் பழக்கம் இந்த ஒரு விதியில் போய்விடும். ‘அந்தப் பையன்’ போலச் சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் வரும் சந்தியை இப்போது தொடவே வேண்டாம். பள்ளியில் சொல்லித்தரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சொற்களுக்கும் பார்த்து, மூடி, எழுதி, ஒப்பிடும் இதே முறை ஆகும். தமிழும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் வேண்டாம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

செல்போனில் எழுத்தைத் தட்டினால் முழுச்சொல்லும் தானாக வந்துவிடுகிறது. பழகும் வயதில் பென்சில்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்து மூன்று, நான்கு மாதமாகியும் சின்னச் சொற்கள்கூடப் பதியவில்லை, எழுத்துகள் இடம் மாறியே வருகின்றன, படிக்கவும் திணறுகிறது என்றால் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இரண்டுக்கும் பிரிவு உண்டு. இரண்டும் நன்றாக இருந்தால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது சோம்பலோ மந்தமோ அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவரின் சான்றோடு பள்ளியில் பேசினால் சலுகை கேட்கலாம்.

மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையை ஓர் அஞ்சலட்டை எழுதச் சொல்லுங்கள். சென்னையில் இருக்கும் சித்திக்கோ, ஊரில் இருக்கும் தாத்தாவுக்கோ எழுதலாம். அதில் ஒரு தப்பு இருந்தாலும் அப்படியே பெட்டியில் போட்டுவிடுங்கள். பதில் எழுதச் சொல்லித் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள். பிள்ளை தப்புவிட்ட அந்தச் சொல் அவர் பதிலில் சரியாக எழுதப்பட்டு வரட்டும்.